பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி) சோதனையால் அரசு வேலையை இழந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த என் அக்கா மகன், அங்கே மத்திய அரசின் காவல் பணி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தான். எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாவற்றையும் தாண்டியவனைப் பாலிகிராஃபில் கழித்துவிட்டார்கள். கையில் ரத்த அழுத்தப் பட்டை, நெஞ்சைச் சுற்றிக் குழாய், விரல் நுனியில் உணரி. போதைப்பொருள் பற்றிய கேள்வியில் மூச்சு மாறியதாம்! "எதையோ மறைக்கிறாய்" என்று மணிக்கணக்கில் குடைந்திருக்கிறார்கள். சிகரெட்டைக்கூடத் தொடாத பையன் (அக்கா சொல்லி அல்ல, நானே அறிவேன்).

1988ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் இச்சோதனையை நடத்தக் கூடாது. அரசுக்கோ விலக்கு உண்டு. ஊழியர்களைச் சலித்தெடுக்க இதன் துல்லியம் போதாது என்று தேசிய அறிவியல் கழகத்தின் 2003 அறிக்கையே சொல்கிறது. சோவியத்துக்கு உளவு சொன்ன சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸோ 1986, 1991 இரண்டு சோதனைகளிலும் தேறியவர்.

விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள். 1974 தனியுரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் சோதனையில் கருவி பதிந்த வரைகோடுகளும் ஒலிப்பதிவும் கிடைக்குமா? மறுசோதனை கேட்டுப் பெற்றவர்கள் உண்டா? வேறு துறைக்கு விண்ணப்பித்தால் இந்த முடிவு அங்கேயும் துரத்துமா? இதில் பழக்கமுள்ள வழக்கறிஞரைத் தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். கருவியை ஏமாற்றும் உத்திகளை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.