மறு: பிளேன் மரக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும் (திங்கள் கெடு)

தேவகோட்டை, மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். லண்டன் பிளேன் மரப் பராமரிப்புக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பொல்லார்டிங்’ என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். மரம் இளசாக இருக்கும்போதே முக்கியக் கிளைகளை ஓர் உயரத்தில் நறுக்கி நிறுத்துவார்கள். பிறகு ஓரிரு வருடத்துக்கொரு முறை, குளிர்காலத்தில் இலை உதிர்ந்து மரம் உறங்கும்போது, துளிர்த்த கொம்புகளை அதே இடத்தில் ஒட்ட வெட்டுவார்கள். வெட்டிய இடம் நாளடைவில் முஷ்டி போலத் திரளும். அந்தத் திரட்சியில் மட்டும் கத்தி படக்கூடாது.

காரைக்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
‘தலைகொய்தல்’ என்று போடுங்கள். தினை கொய்தல், பூக் கொய்தல் என்று ஆளப்பட்ட வினை. இளசிலேயே தொடங்க வேண்டும் என்பதற்கு வள்ளுவரே சாட்சி: ‘இளைதாக முள்மரம் கொல்க.’

பள்ளத்தூர், தோட்டக்காரி:
ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. வள்ளுவர் கொல்லச் சொல்கிறார், கையேடு வளர்க்கச் சொல்கிறது. தலைகொய்தல் என்று படித்தவன் நேரே மொட்டையடிக்கத்தான் போவான். மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று எங்கள் தெரு வேம்பை முதிர்ந்த கிளையோடு கண்ட இடத்தில் அறுத்துப் போட்டார்கள். வெட்டுவாயில் மழைநீர் இறங்கி உள்ளே சொத்தை. நாம் முருங்கையை ஒடித்து வளர்ப்பதில்லையா? பேசாமல் ‘கவாத்து’ என்று எழுதுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் கவ்வாத்துதான் என்று எங்கள் அப்பச்சி சொல்வார்கள்.

கோட்டையூர்:
ஆச்சி, கவாத்து உருதுச் சொல். பட்டாளத்து அணிவகுப்பு. மரம் என்ன லெஃப்ட், ரைட் போடுகிறதா? ‘கழித்தல்’ இருக்க இரவல் எதற்கு? நன்னூலில் ‘பழையன கழிதலும்’ உண்டே.

காரைக்குடி:
அது தன்வினை, தம்பி. பிளேன் மரத்தின் பட்டை திட்டுத் திட்டாகத் தானே உரிந்து விழுகிறதே, அதைக் கழிதல் எனலாம். கத்தியெடுத்தால் பிறவினை.

கோட்டையூர்:
பிறவினையைத்தான் நானும் சொன்னேன். வேலியில் கிளை கழிக்கிறோமே!

புதுவயல், கணினிக்காரன்:
கழித்தல் என்று தேடினால் கணக்குப் பாடம்தான் வரும். அது கிடக்கட்டும், ‘பிளேன்’ என்றால் விமானம் என்று நினைக்க மாட்டார்களா? காஷ்மீரில் ‘சினார்’ என்கிறார்களே.

தேவகோட்டை:
சினார் கீழைநாட்டு இனம். லண்டன் பிளேன், அதுவும் அமெரிக்க இனமும் கலந்த கலப்பு. பெயர் கலந்தால் கையேடே குழம்பும், விட்டுவிடுங்கள். எனக்கு வேண்டியது எங்கே வெட்டுவது என்று காட்டும் சொல். பிரான்சில் ‘மிதி’ (Canal du Midi) என்ற கால்வாயின் கரையில் 2006இல் ஒரு பூசண நோய் தெரியவந்து, ஆயிரக்கணக்கான பிளேன் மரங்களை வெட்ட நேர்ந்தது. பெரும்பாலும் காயத்தின் வழியேதான் நுழையும். ஒரு மரத்தை அறுத்த ரம்பத்தைத் துடைக்காமல் அடுத்த மரத்தில் வைத்தாலும் போதும். தேவையில்லாத ஒவ்வொரு வெட்டும் அதற்கு வாசல்.

பள்ளத்தூர்:
அப்படியானால் ‘முண்டுக் கவாத்து’. முண்டும் முடிச்சுமாக நிற்கிற அதை விட்டுவிட்டு மேலே உள்ளதை வெட்டு என்று வேலைக்காரனுக்கே விளங்கும்.

கோட்டையூர்:
முண்டு கேரளத்து வேட்டி. போதாததற்கு வடமொழி முண்டனமும் கூடவே வந்து நிற்கும்.

காரைக்குடி:
இல்லை, தமிழ்தான். முட்டு, முட்டி, முட்டை, மொட்டு, மொட்டை, முண்டு என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் திரட்சிப் பொருள். மொட்டையும் மொட்டும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் கருத்து. பொல்லார்டு மரத்துக்கு அது எவ்வளவு பொருத்தம்! மொட்டை ஆன இடத்தில்தான் மொட்டு. இது குறித்துத் தனியே விரிவாக எழுதுகிறேன்.

புதுவயல்:
ஐயா, நாளை திங்கள். ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியரே விட்டுவிட்டார், நாமும் விடலாம். என் ஓட்டு ஆச்சிக்கு.

தேவகோட்டை:
வேறு யாரும் மறுக்காததால் ‘முண்டுக் கவாத்து’ என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘முண்டு விட்டு மேல்கொம்பு வெட்டுதல்’ என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன். ஐயா, முண்டுவுக்குப் பின் ‘க்’ மிகும்தானே?

காரைக்குடி:
மென்தொடர்க் குற்றியலுகரம், வேற்றுமைத் தொகை. குரங்குக்குட்டி போல மிகும்.

கோட்டையூர்:
யார் மறுக்கவில்லை? நான் மறுத்துக்கொண்டேதான் இருக்கிறேன். உருதுச் சொல்லுக்கு ஒற்று வேறா? என் படியில் ‘முண்டுக் கழிப்பு’ என்று திருத்திக்கொள்வேன்.