கீமோவுக்கு முன் கருமுட்டையைச் சேமிக்க நேரம் இருக்குமா?

கொள்ளிடக்கரை:
எனக்கு வயது 29. கல்யாணமாகி ஒன்றரை வருடம், குழந்தை இல்லை. மார்பகப் புற்றுநோய், ஹார்மோன் பாசிட்டிவ் வகை, அதாவது பெண் ஹார்மோனால் வளரக்கூடியது. அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. மூன்று வாரத்தில் கீமோ, அதன்பின் பல வருடங்களுக்கு ஹார்மோன் சிகிச்சையாக, அந்த ஹார்மோனைத் தடுக்கும் தமாக்ஸிஃபென் மாத்திரை என்கிறார்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மாமியாரும் அப்பாவும் உடன் வருகிறார்கள். குழந்தை பற்றிப் பேச்செடுத்தால், "முதலில் உடம்பு தேறட்டும்" என்று அடக்கிவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். கருமுட்டையை எடுத்து வைக்க ஹார்மோன் ஊசி போட்டால் நோய் கூடிவிடாதா? இன்னொன்று, கணவர் என் பக்கத்தில் படுக்கவே தயங்குகிறார். இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

வெண்ணாற்று அக்கா:
தங்கச்சி, நேரம் இருக்கிறது. ஆனால் இந்த வாரமே கேட்டாக வேண்டும். எனக்கும் இதே நோய்தான், 31 வயதில் வந்தது.

கீமோவில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். சினைப்பையிலுள்ள முட்டை இருப்பைக் கரைப்பதில் அது முக்கியமானது. உங்கள் வயதில் மாதவிலக்கு திரும்பி வர நல்ல வாய்ப்பு உண்டு. அதற்காக முட்டை இருப்பு பழையபடி இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். முட்டை இருப்பைக் கணிக்கும் ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனையைக் கீமோவுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

முட்டை எடுக்க மாதவிலக்கு நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த நாளிலும் ஊசி தொடங்கலாம், சுமார் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறாமலிருக்க லெட்ரோசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். நீங்கள் பயப்படும் விஷயத்துக்காகவே அந்த ஏற்பாடு. கணவரின் விந்தணுவோடு சேர்த்துக் கருவாகவும் உறைய வைக்கலாம், முட்டையாகவும் வைக்கலாம். முட்டையாக வைப்பதே மேல் என்பேன். அது உங்களுக்கே உரியது. சினைப்பையை ஓய்வில் வைக்கும் கோசெரிலின் ஊசியைக் கீமோவுக்கு ஒரு வாரம் முன்னதாகத் தொடங்குவார்கள். அதையும் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி முட்டைச் சேமிப்பை விட்டுவிட வேண்டாம்.

தமாக்ஸிஃபென் சாப்பிடும்போது கர்ப்பம் கூடாது. மாத்திரையை இடையில் நிறுத்திக் குழந்தை பெறுவது பற்றி 516 பெண்களை வைத்து நடந்த 'பாசிட்டிவ்' ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. ஒன்றரை முதல் இரண்டரை வருடம் வரை ஹார்மோன் சிகிச்சை எடுத்தபின் இரண்டு வருடம் வரை நிறுத்தியவர்களுக்கு, முதல் சில ஆண்டுகளில் நோய் திரும்புவது கூடவில்லை. நீண்டகாலக் கண்காணிப்பு தொடர்கிறது. டாக்டர் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.

கணவர் விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரரும் தரையில் பாயை விரித்துக்கொண்டார். வெறுப்பு என்றே நினைத்து உள்ளுக்குள் நொந்தேன். கட்டுப் பிரிக்கும் நாளில் செவிலியர் அவரையும் திரைக்குள் அழைத்து, தழும்பின் ஓரத்தில் விரல் வைக்கச் சொல்லி, "ஆறிவிட்டது, அழுத்தினாலும் பிரியாது" என்றார். வலித்துவிடுமோ என்ற பயம்தான் அவரைத் தள்ளி வைத்திருந்தது. அன்றிரவே பாய் சுருட்டப்பட்டது. உங்கள் கணவரையும் அடுத்த முறை அழைத்துச் செல்லுங்கள். மாமியார் வெளியே உட்காரட்டும்.

சிகிச்சையின்போது பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும் வரலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். தண்ணீர் அடிப்படையிலான ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் ஆணுறையைக் கெடுத்துவிடும். ஈஸ்ட்ரோஜன் களிம்பைப் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கருத்தடை மாத்திரையும் ஆகாது; ஆணுறை அல்லது காப்பர்-டி போதும்.

திண்டுக்கல் தம்பி:
ஆண்களுக்காக ஒரு வார்த்தை. 24 வயதில் ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்தபோது, கீமோவுக்கு முன்பே விந்தணுவைச் சேமித்துவிட்டேன். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். ஊசி, மயக்க மருந்து எதுவும் இல்லை. கல்யாணம் ஆகாதவனிடம் இதைப் பேசக் கூச்சப்படுவார்கள், நீங்களே கேட்டுவிடுங்கள். சிகிச்சையின்போது ஆசை அடியோடு போய்விட்டது; பிறகு மெல்லத் திரும்பியது.

கொள்ளிடக்கரை:
அக்கா, கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி ஃபைலின் மேலேயே குத்தி நீட்டினேன். டாக்டர் படித்துவிட்டு மற்றவர்களை வெளியே அனுப்பினார். வியாழக்கிழமை கருத்தரிப்பு மருத்துவரைப் பார்க்கிறோம், கணவரும் வருகிறார். என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

வெண்ணாற்று அக்கா:
பயாப்சி அறிக்கை, கீமோ மருந்துகளின் பெயர்ப் பட்டியல், தொடங்கும் தேதி, ஆதார். கருவாக வைப்பதென்றால் அவருக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். முட்டை எடுக்கும் செலவோடு, வருடாவருடம் கட்டவேண்டிய சேமிப்புக் கட்டணத்தையும் அங்கேயே எழுதி வாங்கிவிடுங்கள்.