கலைச்சொல் தேவை: பாலே உடைக்குத் தீட்டும் நீர்வண்ணப் படம்

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, ஓவிய நூல் ஒன்றின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1912-இல் பாரிசில் அரங்கேறிய ‘ஃபானின் பிற்பகல்’ என்ற பாலே நடனத்தில் ஆடற்கலைஞர் நிஜின்ஸ்கி ஏற்ற ஃபான் (பாதி மனிதன், பாதி ஆடான வனதேவன்) வேடத்துக்கு ஓவியர் லியோன் பாக்ஸ்ட் தீட்டிய படம் அதில் இருக்கிறது. தலையில் சிறு கொம்புகள், மேனியெங்கும் பழுப்புத் திட்டுகள், சுழன்று பறக்கும் நீலத் துகில். ‘ஆடை வடிவமைப்பு வரைபடம்’ என்று போட்டால் படக்குறிப்பு இரண்டு வரிக்கு நீள்கிறது.

தமிழாசிரியர்:
வரைபடம் என்றால் என் மாணவர்கள் ஆற்றையும் மலையையும் தேடுவார்கள். ‘கோலவரைவு’ என்று வையுங்கள். சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எயினர் என்னும் வேடர் ஒரு குமரிக்குக் கொற்றவைக் கோலம் புனைகிறார்களே! பன்றிக்கொம்பு பிறையாகிறது, புலிப்பல் தாலியாகிறது, ‘வரியும் புள்ளியும்’ மயங்கிய தோல் மேகலையாகிறது. பாக்ஸ்டின் திட்டுகளுக்கு நம்மிடம் முன்னோடி உண்டு.

கணிப்பொறியாளர்:
ஐயா, முன்னோடி இருக்கட்டும். கோலம் என்றதும் வாசலும் அரிசிமாவும்தான் நினைவுக்கு வரும். ‘உடைவரைவு’ போதாதா?

தமிழாசிரியர்:
அகப்பொருளில் வரைவு என்றால் திருமணம். தோழி வரைவு கடாவுவது, அதாவது மணந்துகொள்ளத் தலைவனைத் தூண்டுவது, உடையை நோக்கியா?

கணிப்பொறியாளர்:
சட்ட வரைவு என்று நாளிதழ்கள் அன்றாடம் எழுதுகின்றன. அங்கே யாரும் தாலி கட்டவில்லை.

பதிப்பாசிரியர்:
சங்கப் பாட்டான நெடுநல்வாடையின் ‘புனையா ஓவியம்’ வண்ணம் தீட்டாத கோட்டுச் சித்திரம். அப்படியானால் வண்ணம் தீட்டியது ‘புனையோவியம்’. புனைதல் உடுத்தி அழகுசெய்வதையும் குறிக்கும். ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிடுகின்றன.

நாடகக்காரர்:
அம்மா, சொல் அழகு. ஆனால் படிப்பவர் கற்பனை ஓவியம் என்றல்லவா எடுத்துக்கொள்வார்? இந்தப் படம் யாருக்கு என்று முதலில் கேளுங்கள். தையல்காரருக்கு மட்டும் என்றால் அளவும் துணியும் போதும். இங்கே திட்டுகள் உடலை ஒட்டிய உடையின்மேல் வண்ணத்தால் தீட்டப்பட்டவை; வெட்டித் தைத்தவை அல்ல. அந்தத் துகிலோ ஃபானின் உடையே இல்லை! கதைப்படி அது வனதேவதை விட்டுச்சென்றது. அவன் அதைத்தான் ஏந்திச் செல்கிறான். உடையோடு ஆட்டத்தையும் சேர்த்துத் தீட்டியிருக்கிறார். ஆகவே ‘வேட ஓவியம்’.

தமிழாசிரியர்:
வேடரின் ஓவியம் என்று பிரிப்பார்கள்.

கணிப்பொறியாளர்:
வேட்டுவ வரியைக் கொண்டுவந்தவர் தாங்கள்தானே, ஐயா?

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை. மூவர் ‘உடைவரைவு’ என்று தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள். ‘உடைவரைவு, நீர்வண்ணம், 1912’ என்று போடுகிறேன். ஒரே வரியில் நிற்கிறது. நாடகக்காரர் சொன்னது மனத்தில் உறுத்துகிறது.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள். சொல்லடைவில் ‘கோலவரைவு’ காண்க என்றாவது ஒரு வரி சேர்க்கலாம்.