வெளி மானிட்டரை மெயின் டிஸ்ப்ளே ஆக்க முடியவில்லை: டிக் பெட்டி மங்கலாக இருக்கிறது

கேள்வி:
வணக்கம். விண்டோஸ் 11 லேப்டாப், 14 அங்குலத் திரை. எச்டிஎம்ஐ கேபிளில் 27 அங்குல 4கே மானிட்டர் இணைத்திருக்கிறேன். படம் வருகிறது. ஆனால் டெஸ்க்டாப் ஐகான்கள், புதிதாகத் திறக்கும் புரோகிராம்கள் எல்லாம் லேப்டாப் திரையிலேயே வருகின்றன. 'மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே' பெட்டியில் டிக் ஏற்கெனவே இருக்கிறது. மங்கலாக இருப்பதால் எடுக்கவும் முடியவில்லை. மானிட்டருக்கு 2 என்ற எண் வருகிறது. அதை 1 ஆக்கினால்தான் சரியாகுமா?

பதில் 1:
நீங்கள் பார்த்த டிக் லேப்டாப் திரைக்கு உரியது. அந்தப் பக்கத்தைத் திறந்ததும் 1 என்ற கட்டம்தான் தேர்வாகியிருக்கும். கீழே உள்ளதெல்லாம் அந்தத் திரையின் அமைப்புகள். ஏதாவது ஒரு திரை எப்போதும் மெயினாக இருந்தே ஆக வேண்டும் என்பதால் டிக்கை எடுக்க விண்டோஸ் விடாது. இன்னொரு திரைக்குக் கொடுத்தால் இங்கே தானாகப் போய்விடும்.

டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்'. மேலே உள்ள படத்தில் 2 என்ற கட்டத்தை முதலில் கிளிக் செய்யுங்கள். பலர் விடுவது இந்த ஒரு படிதான். பிறகு கீழே 'மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்' பகுதியை விரித்தால் அதே பெட்டி இப்போது மங்கலில்லாமல் இருக்கும். டிக் போட்டால் அந்த நொடியே மாறும்.

இரண்டு கட்டங்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரே கட்டத்தில் 1, 2 இரண்டும் சேர்ந்திருந்தால் டூப்ளிகேட் முறையில், அதாவது இரண்டு திரையிலும் ஒரே படம் தெரியும் முறையில் இருக்கிறீர்கள். அதில் மெயின் என்ற பேச்சுக்கே இடமில்லை. விண்டோஸ் விசையுடன் பி அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுத்துவிட்டு மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

பதில் 2:
எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். 1, 2 என்பவை திரைகளை அடையாளம் காட்ட மட்டுமே. 2 என்ற திரை தாராளமாக மெயினாக இருக்கலாம். மேசையில் மானிட்டர் இடப்பக்கம் இருந்தால் படத்திலும் அந்தக் கட்டத்தை இடப்பக்கம் இழுத்து வைத்து 'அப்ளை' கொடுங்கள். இல்லையென்றால் மவுஸ் போக வேண்டிய விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும்.

மெயினை மாற்றிய பிறகும் சில புரோகிராம்கள் பழைய திரையிலேயே திறக்கும். கடைசியாக மூடிய இடத்தை அவை நினைவில் வைத்திருப்பதே காரணம். விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளுடன் அம்புக்குறி அழுத்தி மானிட்டருக்கு நகர்த்தி, அங்கேயே ஒருமுறை மூடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
2-ஐக் கிளிக் செய்ததும் வந்துவிட்டது, மிக்க நன்றி. இப்போது வேறு சிக்கல்கள்: ஒரு பழைய பில்லிங் மென்பொருளில் மட்டும் எழுத்து கலங்கலாகத் தெரிகிறது. மானிட்டரில் மவுஸ் இழுபடுகிறது. மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடுகிறது.

பதில் 3:
கலங்கல்: பழைய மென்பொருள்கள் பல, நீங்கள் சைன் இன் செய்த நேரத்தில் மெயின் திரை எதுவோ அதன் ஸ்கேல் அளவையே (எழுத்தையும் ஐகானையும் எத்தனை சதவீதம் பெரிதாக்கிக் காட்டுவது என்ற அமைப்பு) பிடித்துக்கொள்ளும். ஒரு திரை 125 சதவீதமும் இன்னொன்று 150 சதவீதமும் என்றால், விண்டோஸ் அந்த ஜன்னலைப் படம்போல நீட்டிக் காட்டும், எழுத்து மங்கும். சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள், பெரும்பாலும் அதோடு தீரும். தீராவிட்டால் அந்த மென்பொருளின் 'பிராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி', 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' போய், கீழே உள்ள ஓவர்ரைடு பெட்டியில் டிக் போட்டு 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு' வைத்துப் பாருங்கள்.

மவுஸ் இழுபடுவது: 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' திறந்து ரெஃப்ரெஷ் ரேட் (திரையில் படம் நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற அளவு) பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும் என்பது என் ஊகம். எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே படம் அதற்கு மேல் போகாது. 60 வேண்டுமென்றால் லேப்டாப் போர்ட், கேபிள், மானிட்டர் மூன்றும் 2.0 தரத்தில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் 30-தான். கேபிள் வாங்கும் முன் மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். சிலவற்றில் எச்டிஎம்ஐ பதிப்பை 1.4, 2.0 என்று மாற்றும் வசதி உண்டு. லேப்டாப் போர்ட்டே 1.4 என்றால் இரண்டு வழி: யூஎஸ்பி-சி போர்ட் டிஸ்ப்ளேபோர்ட் படத்தை அனுப்பக்கூடியதா என்று பார்த்து அதிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடலாம்; அல்லது ரெசல்யூஷனை 2560 x 1440 ஆகக் குறைத்து 60 ஹெர்ட்ஸில் ஓட்டலாம். நாள் முழுக்க வேலை செய்கிறவருக்கு 30 ஹெர்ட்ஸ் 4கே-யைவிட இது எவ்வளவோ மேல்.

பதில் 4:
மூடிக்கு: கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்', இடப்பக்கம் 'சூஸ் வாட் க்ளோஸிங் த லிட் டஸ்'. 'பிளக்டு இன்' பத்தியில் மட்டும் 'டு நத்திங்' வையுங்கள். பேட்டரி பத்தியை ஸ்லீப்பிலேயே விடுங்கள்; இல்லாவிட்டால் பைக்குள் ஓடிக்கொண்டே சூடாகும். கீபோர்டு வழியாகக் காற்றை இழுக்கும் மாடல் என்றால் மூடியைச் சாத்தி வேலை செய்யாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று: கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் லோகோ லேப்டாப் திரையிலேயே வந்தால் அமைப்பு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்காது. எந்தத் திரையில் காட்டுவது என்பதை விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருள் முடிவு செய்கிறது. கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் மட்டும் மெயின் டிஸ்ப்ளேயை மறுபடி அமைக்க வேண்டி வரலாம்.