ஃபைபர் உடல், பேட்டரி சீட்டுக்குப் பின்னால்: எர்த் எங்கிருந்து எடுப்பது?

கானாடுகாத்தான்_கொட்டகை:

வணக்கம். இரண்டு சீட் ஃபைபர் கிட் விமானம், ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சின். உடல் வேலை முடிந்து வயரிங்குக்கு வந்திருக்கிறது. எடைச் சமநிலைக்காக பேட்டரி சீட்டுக்குப் பின்னால் போகிறது. அங்கிருந்து ஃபயர்வாலுக்கு (எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்பு) கேபிள் ஓடும் வழி 3 மீட்டர்.

லோடு: ரேடியோ பேசும்போது 2.5 ஆம்பியர், டிரான்ஸ்பாண்டர் 1, திரை 1.5, துணை பெட்ரோல் பம்ப் 1.5, எல்இடி விளக்குகள் எல்லாம் சேர்த்து 5, மாஸ்டர் கான்டாக்டர் (பேட்டரியையே இணைத்து விலக்கும் பெரிய ரிலே) 0.8. மொத்தம் 12.3.

காரைக்குடியில் கிடைக்கும் 1.5 சதுர மி.மீ. வீட்டு வயரையே எல்லாவற்றுக்கும் போடலாமா? ஃபைபர் உடலில் எர்த்தை எப்படிக் கொடுப்பது? ஸ்டார்ட்டருக்கு 6 கேஜ் கேபிள் போதுமா? பதிவு, டிஜிசிஏ அனுமதி பற்றியெல்லாம் இங்கே கேட்கவில்லை, வயரிங் மட்டும்.

பள்ளத்தூரான்:

தம்பி, லோடு கணக்கு சரிதான். 912-க்குள் இருக்கும் ஜெனரேட்டர் 250 வாட், அதாவது 13.8 வோல்ட்டில் 18 ஆம்பியர். அது பறக்கிற ஆர்பிஎம்மில் வருவது. ஐடிலில் அவ்வளவு வராது. லேண்டிங் லைட்டைப் போட்டுக்கொண்டு தரையில் நெடுநேரம் நின்றால் பேட்டரிதான் கொடுக்கும்.

இனி எர்த். அலுமினிய விமானத்தில் பாதி வயரிங்கை உடம்பே செய்துவிடும். ஃபைபரில் ஒவ்வொரு சாமானுக்கும் திரும்பி வர ஒரு வயர் வேண்டும். அந்த வயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். ஃபயர்வாலை ஊடுருவி ஒரு 8 மி.மீ. பித்தளை போல்ட் போடுங்கள். கேபின் பக்கம் பேட்டரி மைனஸ் கேபிளும் மற்ற எல்லா எர்த் வயர்களும். எஞ்சின் பக்கம் அதே போல்ட்டிலிருந்து எஞ்சின் கேஸுக்குக் காப்பர் பிரெய்டு, அதாவது பின்னிய பட்டை. ரேடியோ எர்த்தைக் கொண்டுபோய் விளக்கு எர்த்தில் சேர்ப்பது, அதை இன்னொன்றில் சேர்ப்பது என்று தொடர் ஓட்டினால் ஹெட்செட்டில் ஸ்ட்ரோப் என்கிற மின்னும் விளக்கின் கிர்ர் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஃபைபரில் பலரும் தடுக்கி விழும் இடம், உடம்பு வழியாகவே எர்த் எடுத்துக்கொள்ளும் சாமான்கள். ரோட்டாக்ஸின் ரெகுலேட்டரில் (சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) G, G, R, +B, C, L என்று ஆறு முனை இருக்கும், மைனஸ் என்று ஒன்று இருக்காது. அதன் அலுமினியக் கேஸ்தான் மைனஸ். உலோகமில்லாத பரப்பில் திருகிவிட்டுப் போனால் சார்ஜ் ஏறாது. அதன் மவுண்டிங் போல்ட்டிலிருந்து எர்த் போல்ட்டுக்கு ஒரு 12 கேஜ் வயர் கட்டாயம். கேஸையே எர்த்தாகக் கொள்ளும் ஸ்டார்ட்டர் ரிலேக்கும் இதே கதை: ஸ்விட்சைத் தட்டினால் ‘டக்’ சத்தமே வராது, ரிலே போய்விட்டது என்று புதிது வாங்குவார்கள். ஆயில் டெம்பரேச்சர், ஆயில் பிரஷர் சென்ஸர்களில் ஒற்றை வயர் வகை எஞ்சின் வழியாகத்தான் எர்த் எடுக்கும். லைட் போட்டதும் ஆயில் சூடு முள் நகர்ந்தால் ஆயிலை விட்டுவிட்டு பிரெய்டைப் பாருங்கள்.

பிரெய்டே இல்லையென்றால், அல்லது அதன் அடியில் பெயின்ட் இருந்தால், ஸ்டார்ட்டர் கரண்ட் வேறு வழி தேடும். கிடைக்கிற வழி த்ராட்டில், சோக் கேபிள்களின் எஃகு உள்கம்பி. அது பழுத்து, உறைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

6 கேஜ் போதாது. போக 3, வர 3, மொத்தம் 6 மீட்டர். 6 கேஜ் மீட்டருக்கு 1.3 மில்லி ஓம். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுத்தால் கேபிளிலேயே 1.2 வோல்ட் போய்விடும். 25 சதுர மி.மீ. போட்டால் 0.7-க்குள் நிற்கும். 912-இன் இக்னிஷன் 220 ஆர்பிஎம்முக்கு மேல் சுற்றினால்தான் பொறி கொடுக்கும். சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்கிற புகாரில் பெட்ரோலைக் குறை சொல்வதற்கு முன் இந்த வோல்ட்டேஜ் இழப்பை அளக்க வேண்டும்.

25 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள் நம்ம ஊர் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும், நன்றாக வளையும். வாங்கும்போது ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது காப்பர் பூசிய அலுமினியம், கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் வேண்டாம். பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டியே ஓட்டுங்கள். தனித்தனியாக இரண்டு பக்கமும் போனால் நடுவில் காந்தப்புலம் உண்டாகி காம்பஸ் விலகும்.

மாஸ்டர் கான்டாக்டர் பேட்டரிக்கு ஒட்டியே இருக்கட்டும், ஒரு சாணுக்குள். அப்போதுதான் மாஸ்டரை அணைத்ததும் அந்த 3 மீட்டர் கேபிள் முழுக்க உயிரில்லாமல் போகும். தொடர்ந்து ஆன் நிலையில் இருக்கத்தக்க வகையா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டார்ட்டர் ரிலே பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் சில நொடிகளுக்கு மட்டுமே ஆனது. மாஸ்டர் இடத்தில் போட்டால் காயில் வெந்துவிடும். இரண்டின் காயிலுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். டயோடு இல்லாவிட்டால் அணைக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்விட்சின் உள்ளே பொறி பறந்து கான்டாக்ட் தேயும்.

கோட்டையூர்_திம்பிள்:

அண்ணன் கனமான கேபிளைச் சொல்லிட்டார், நான் மெல்லிசு வயருக்கு வர்றேன்.

வீட்டு வயர் வேண்டாம். அதோட பிவிசி உறை 70 டிகிரிக்கானது. எரிஞ்சா ஹைட்ரோகுளோரிக் புகை, சின்ன கேபின்ல ரெண்டு மூச்சுக்கே கண்ணைத் திறக்க முடியாது. 1.5 சதுர மி.மீ. ரேடியோவுக்குத் தேவையே இல்லாத கனம் வேற. விமானத்துக்கு எம்22759/16 டெஃப்செல் வயர்: 19 இழை, வெள்ளீயம் பூசின காப்பர், 150 டிகிரி தாங்கும். 22 கேஜுக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், 20-க்கு 7.5, 18-க்கு 10. இது அமெரிக்க கேஜ். மோட்டார் காயில் சுத்துற கடையில சொல்ற எஸ்டபிள்யூஜி வேற கணக்கு, ரெண்டையும் குழப்பிடாதீங்க. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல டெஃப்லான் வயர் கிடைக்கும். சூடு தாங்கும், ஆனா உறை மெத்துனு இருக்கும். கேபிள் டையை இறுக்கிக் கட்டின இடத்துல நாள்பட அமுங்கி விலகிடும், அதனால விளிம்புகள்ல ரப்பர் குரோமெட் இல்லாம ஓட்டாதீங்க.

வயர் முனையில நசுக்கி மாட்டுற திம்பிள் விஷயத்துலதான் முக்காவாசிப் பேர் சறுக்குறது. சாதாரணக் கடை திம்பிள் காப்பரை மட்டும்தான் பிடிக்கும். வயர் அதிர்றப்போ திம்பிள் முடியிற இடத்துல இழை ஒண்ணொண்ணா அறும், வெளியில ஸ்லீவ் மூடியிருக்கும், தெரியாது. உறையையும் சேர்த்துப் பிடிக்கிற ரெட்டைப் பிடி திம்பிள் வாங்குங்க: சிவப்பு 22-லிருந்து 18 வரை, நீலம் 16, 14, மஞ்சள் 12, 10. ராட்செட் கிரிம்பர் மட்டும், முழுசா அமுக்கினாத்தான் விடுற வகை. கட்டிங் பிளேயர்ல நசுக்கிட்டு அதுமேல ஈயம் வச்சா பலம்னு நினைக்கிறாங்க. ஈயம் இழைக்குள்ள ஏறி வயரைக் குச்சியாக்கிடும்; ஈயம் நின்ன கோட்டுல அப்படியே முறியும்.

கிரிம்பரை நம்புறதுக்கு முன்னாடி கழிவு வயர்ல அஞ்சாறு அடிச்சு மீன் நிறுக்கிற ஸ்பிரிங் தராசுல மாட்டி இழுத்துப் பாருங்க. 20 கேஜ் 8.5 கிலோ, 18 கேஜ் 17 கிலோ தாங்கணும். அதுக்கு முன்னாடி உருவிக்கிட்டு வந்தா கிரிம்பரோட அச்சு சரியில்ல.

ஹார்னஸை, அதாவது மொத்த வயர்க் கட்டை, விமானத்துக்குள்ள குனிஞ்சுக்கிட்டுக் கட்டாதீங்க. பட்டாலையில ஒரு 8-க்கு 4 ப்ளைவுட்டைப் போட்டு, பேனல் அளவை அசல் அளவுக்கே வரைஞ்சு, திருப்பத்துக்குத் திருப்பம் ஆணி அடிச்சு, வயரை ஓட்டி மெழுகு நூலால பூக்கட்டுற மாதிரி முடிச்சுப் போட்டுட்டே வாங்க. ரெண்டு முனையிலயும் நம்பர் ஃபெரூல். ஒவ்வொரு முனையிலயும் ஒரு ஜாண் கூட விடுங்க.

கானாடுகாத்தான்_கொட்டகை:

நன்றி அண்ணே, இருவருக்கும். 25 சதுர மி.மீ. எழுதிக்கொண்டேன். இன்னும் மூன்று: ஃபியூஸா பிரேக்கரா? இக்னிஷன் வயர்களுக்கும் ஃபியூஸ் போடச் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் சொல்கிறார், சரியா? எடை குறைய லித்தியம் பேட்டரி வைத்தால்?

தேவகோட்டை_ரஸ்தா:

இக்னிஷன் வயரில் ஃபியூஸ் கூடவே கூடாது. 912-இன் இரண்டு இக்னிஷனும் பேட்டரியை நம்பி இல்லை, ஸ்டேட்டரில் தங்களுக்கென்று தனிக் காயில் வைத்திருக்கின்றன. பேனலுக்கு வரும் வயர் நிறுத்துவதற்கு மட்டும்: எர்த்தோடு சேர்ந்தால் இக்னிஷன் நிற்கும், பிரிந்தால் ஓடும். அதில் ஒரு ஃபியூஸ் போய்விட்டால் எஞ்சினை நிறுத்த முடியாது. அதைவிட மோசம், நின்றிருக்கும் எஞ்சினின் புரொப்பல்லரைக் கையால் திருப்பும்போது பொறி விழலாம். இரண்டுக்கும் தனித்தனி டாகிள் ஸ்விட்ச், தனித்தனி ஷீல்டு வயர். ஷீல்டை எஞ்சின் பக்கம் மட்டும் எர்த் செய்து, பேனல் பக்கம் அதையே ஸ்விட்சின் எர்த் காலுக்குக் கொண்டுவாருங்கள். பேனல் எர்த்தோடு சேர்க்காதீர்கள், ரேடியோவில் டிக் டிக் கேட்கும்.

4000 ஆர்பிஎம்மில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும் சோதனையில் 300-க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 115-க்கு மேல் போகக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். துளியும் இறங்காவிட்டால் ‘ரொம்ப நல்ல எஞ்சின்’ என்று சந்தோஷப்படுகிறார்கள். அந்தப் பக்கத்து வயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஃபியூஸ்தான் என் ஓட்டு. கார் பிளேடு ஃபியூஸ் பெட்டி மலிவு, இலேசு, திருகு குறைவு. பறக்கும்போது தட்டி மறுபடி போட வேண்டிய அளவுக்கு முக்கியமான சாமான் இந்த விமானத்தில் எதுவும் இல்லை.

ரெகுலேட்டர் வயரிங்: ஜெனரேட்டரின் இரண்டு மஞ்சள் வயர் G, G-க்கு. R, +B இரண்டையும் சேர்த்து 10 கேஜில் பஸ்ஸுக்கு (எல்லாச் சாமானுக்கும் கரண்ட் பிரிந்து போகும் பொது முனை), நடுவில் 30 ஆம்பியர் ஃபியூஸ். அந்த ஃபியூஸ் பஸ் முனையில் இருக்கட்டும்: ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கில் கொட்டப்போவது பேட்டரி, ஜெனரேட்டரால் 18-ஐத் தாண்ட முடியாது. +B-க்கும் எர்த்துக்கும் குறுக்கே 22,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர். ஓடும்போது பேட்டரி விட்டுப்போனால் வோல்ட்டேஜ் துள்ளாமல் பிடிப்பது அதுதான். C முனைதான் ரெகுலேட்டருக்குக் கண். அதை நேராக பஸ்ஸிலிருந்து தனி வயரில் எடுங்கள். பம்ப் ஓடும் வயரில் ஒட்டுப்போட்டால் அங்கே அரை வோல்ட் குறைவாகத் தெரியும், ரெகுலேட்டர் அரை வோல்ட் அதிகம் கொடுத்து பேட்டரியை வேகவைக்கும்.

ரெகுலேட்டர் முனைகள் எல்லாம் 6.3 மி.மீ. தள்ளு கனெக்டர். கொஞ்சம் தளர்ந்து 20 மில்லி ஓம் சேர்ந்தாலும் 18 ஆம்பியரில் ஆறரை வாட் சூடு அந்தச் சின்னத் தகட்டில். பழுப்பேறிய கனெக்டரைக் கண்டால் அழுத்திவிட்டுப் போகாமல் மாற்றுங்கள். ரெகுலேட்டருக்கு 80 டிகிரி எல்லை. சித்திரை வெயிலில் நம் பக்கத்துத் தகரக் கொட்டகையில் 40-லிருந்துதான் கணக்கே ஆரம்பிக்கிறது, எஞ்சினை நிறுத்திய பிறகு கௌலிங்குக்குள் (எஞ்சின் மூடி) இன்னும் ஏறும். கேபின் பக்கம் வையுங்கள், கெப்பாசிட்டரையும்.

லித்தியம்: சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர்க்காரருக்கு பேட்டரி பாடம் எடுக்க வேண்டியதில்லை, இரண்டே விஷயம். 14.2 வோல்ட் ரெகுலேட்டர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்குப் பொருந்தும். ஆனால் இறங்கிப்போன லித்தியம் கிடைக்கிற கரண்டை எல்லாம் உறிஞ்சும், ரெகுலேட்டர் முழு லோடில் நெடுநேரம் காயும். அதனால் வெளி சார்ஜரில் ஏற்றிவிட்டே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்னொன்று, பேட்டரியைப் பின்னால் வைத்ததே எடைச் சமநிலைக்கு. அங்கே நாலு கிலோ குறைந்தால் மொத்தக் கணக்கையும் மறுபடி போடுங்கள்.

பள்ளத்தூரான்:

ரஸ்தா சொன்னதில் ஃபியூஸுக்கு மட்டும் ஒரு திருத்தம். துணை பம்ப் ஃபியூஸை பெட்டியில் ஒளிக்காமல் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

ரேடியோ ஆன்டெனாவை யாரும் தொடவில்லை. ஃபைபரில் அதற்கும் தரைத்தளம் கிடையாது. அடியிலிருந்து நாலு திசையில் 56 செ.மீ. காப்பர் டேப் ஒட்டி, ஆர்ஜி-400 கேபிளின் வெளி உறையோடு சேர்க்க வேண்டும்.

முதல் தடவை பேட்டரியை இணைக்கும்போது பிளஸ்ஸுக்கு நடுவில் 21 வாட் கார் பல்பு ஒன்றைத் தொடராகப் போட்டு, ஃபியூஸை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், வயர் புகையாது. எல்லாம் சரியான பிறகு பல்பை எடுத்துவிட்டு, இரண்டு இக்னிஷனும் ஆஃபில், ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்ற, இன்னொருவர் எர்த் போல்ட்டுக்கும் எஞ்சின் கேஸுக்கும் நடுவே மல்டிமீட்டரைப் பிடிக்கட்டும், புரொப்பல்லரிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று. 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் பிரெய்டை அவிழ்த்து, அடியில் இருக்கும் பெயின்ட்டைச் சுரண்டி, பூட்டி, மறுபடி அளந்து பாருங்கள்.