வீல் நட் ஒன்றைக் காணவில்லை, புதியது ஏறவில்லை. அவசரம்!

திண்ணை: முன் இடது சக்கரத்தில் ஒரு நட்டைக் காணவில்லை. வாங்கி வந்த புதிய நட் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடுகிறது. நாளை விடியற்காலையில் கிளம்ப வேண்டும். என்ன செய்யலாம்?

கரிச்சான்: என்ன கார்? மொத்தம் எத்தனை நட்?

திண்ணை: சாதாரண கார்தான். அலாய் வீல்.

பனங்காடு: ஸ்டட்டில் (நட் ஏறும் மரைத் தண்டில்) துரு ஏறியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் ஆனது.

கரிச்சான்: காரோடு வந்த அலாயா, பிறகு மாட்டியதா?

திண்ணை: முன்பு வைத்திருந்தவர் மாட்டியது. ஹோண்டா. நான்கு நட்.

மூத்த மெக்கானிக்: காரின் பெயரை ரகசியமாக வைத்துக்கொண்டு நட்டுக்கு அளவு கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஹோண்டா ஸ்டட் பெரும்பாலும் 12 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ. உங்களிடம் இருப்பது 1.25 ஆக இருக்கும். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் ஸ்டட்டும் போய்விடும். நட் கடைசி வரை கைவிரலாலேயே ஏற வேண்டும்.

கரிச்சான்: மரை மட்டும் போதாது. ஹோண்டாவின் சொந்த நட்டுக்கு அடிப்பாகம் உருண்டை. வெளியில் வாங்கும் அலாய்களில் நட் உட்காரும் இடம் பெரும்பாலும் 60 பாகைக் கூம்புக் குழி. உருண்டை அதில் மெல்லிய வளையமாகத்தான் தொடும். ஓட ஓடத் தளரும். உங்கள் நட் காணாமல்போனதே அதனால் இருக்கலாம். மற்ற நட்டுகளைக் கழற்றி அடியைப் பாருங்கள்.

பனங்காடு: மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் சுலபமாக ஏறும்.

மூத்த மெக்கானிக்: தடவவே கூடாது. இந்த நட்டை முறுக்க வேண்டிய அளவான 108 நியூட்டன் மீட்டர் என்பது உலர்ந்த மரைக்கான கணக்கு. கிரீஸ் இருந்தால் அதே முறுக்கில் ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

பனங்காடு: இருபது வருடமாகத் தடவுகிறேன். ஒரு ஸ்டட்டும் உடையவில்லை.

மூத்த மெக்கானிக்: இருபது வருடமாக முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்சும் வைத்திருந்தீர்களா?

பனங்காடு: என் கைக்கு அளவு தெரியும் ஐயா.

திண்ணை: 1.25தான். 1.5 வாங்கினேன், விரலாலேயே ஏறிவிட்டது. புதியது கூம்பு. பழைய மூன்றில் இரண்டு உருண்டை. நன்றி, கிளம்புகிறேன்.

கரிச்சான்: நில்லுங்கள்! அந்த இரண்டையும் மாற்றாமல் ஓட்டாதீர்கள். மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தீர்களா?

கரிச்சான்: திண்ணை?