போயிங் ஏர்பஸ் சண்டை உங்க வீட்டு வாசலுக்கு வந்திருக்கா?

மொன்றியல்ல இருந்து:
2017 செப்டம்பர் கடைசி, வேலையால வந்து தேத்தண்ணியோட நியூசைப் போட்டா எங்கட கனடாக் கம்பனி பொம்பார்டியேயின்ர சி சீரீஸ் விமானத்துக்கு அமெரிக்கா 220 வீத வரி எண்டு போகுது, அடுத்த கிழமையே இன்னும் 80 ஏத்திட்டாங்கள். எங்கட கீழ்வீட்டு அண்ணைக்கு அந்த விமானம் கட்டுற மிராபெல் ஃபக்டரியிலதான் வேலை, அண்டைக்கு மனுசன் சாப்பிடேல்ல. முறைப்பாடு போட்டது அமெரிக்க விமானக் கம்பனி போயிங். கியூபெக் அரசாங்கம் 100 கோடி டொலர் போட்டதால அமெரிக்க ஏர்லைன் டெல்டாவுக்கு 75 விமானத்தை அடிமாட்டு விலைக்கு வித்திட்டினம் எண்டு. சரி, ஆனா டெல்டா கேட்ட அந்த 100 சீட் சைஸில போயிங்கிட்ட புது விமானமே இல்ல, பிறகேன் இந்தக் கொதி எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல. ஒக்டோபர் நடுவில பாத்தா போயிங்கின்ர ஐரோப்பியப் போட்டிக் கம்பனி ஏர்பஸ் ஒரு சதம் காசு குடுக்காம சி சீரீஸில 50.01 வீதப் பங்கை எடுக்குது, அதுக்கு மேல நட்டம் வந்தா பொம்பார்டியே 70 கோடி டொலர் வரைக்கும் தாங்கவும் வேணுமாம். அண்ணை சொன்னார், "பெட்டையையும் குடுத்து சீதனமும் குடுத்தாச்சு, கலியாணத்தரகர் போயிங்". 2018 ஜனவரியில அமெரிக்க வர்த்தக கமிஷனே 4க்கு 0 எண்டு போயிங்கின்ர வழக்கைத் தள்ளிப்போட்டுது, ஆனா ஏர்பஸ் டீல் நிக்கேல்ல, ஜூலையில விமானத்தின்ர பேரும் A220 எண்டு மாறிட்டுது.

நியூஜெர்சில இருந்து:
எனக்கு இந்தச் சண்டை சீஸ்ல வந்துச்சுங்க. நான் கடைல சீஸ் கவுன்டர்ல நின்னவன், 2019 அக்டோபர்ல ஐரோப்பா சீஸ் பலதுக்கு 25% வரி, ஸ்பெயின் ஆலிவ், சிங்கிள் மால்ட் விஸ்கிக்கும் அதேதான். ஏர்பஸ்ஸுக்கு ஐரோப்பிய அரசுங்க குடுத்த கடனுக்குப் பதிலடியா 750 கோடி டாலர் சரக்கு மேல வரி போடலாம்னு உலக வர்த்தக அமைப்பு சொல்லிடுச்சு. ஒரு பாட்டி வந்து விலை ஏன் ஏறுச்சுன்னு கேட்டாங்க, ஏரோப்ளேன் பாட்டின்னேன், கிண்டல் பண்றேன்னு நெனச்சுட்டாங்க. இதுல காமெடி என்னன்னா விமானத்துக்கு அப்ப 10% தான்! போயிங்குக்குக் கெடச்ச வரிச்சலுகைக்காக அடுத்த வருஷம் ஐரோப்பாவும் திருப்பிப் போட்டுச்சு. 17 வருஷம் இழுத்துட்டு 2021 ஜூன்ல ரெண்டு பக்கமும் வரிய அஞ்சு வருஷத்துக்கு நிறுத்தி வெச்சாங்க. அது சரி, அந்த அண்ணன் இப்ப எங்க இருக்காரு?

மொன்றியல்ல இருந்து:
அதே மிராபெல்தான். ஜாக்கெட்டில பேர் மட்டும் வேற.